அக்காவுக்கும் ஒரு தட்டு

என் மகன் மூன்றாம் வகுப்பு. வடசென்னையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் படிக்கிறான். போன வருடம் என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்த்தார்கள். அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது காலை எட்டு மணிக்கு அங்கே போய்விடுவேன். காலை உணவு வந்து இறங்கியதும் பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. புதன்கிழமை என்றால் பொங்கல், சாம்பார். சூடாக இருக்கும், நன்றாகவும் இருக்கும். யாரையும் குளிர்விக்க இதைச் சொல்லவில்லை, என் பிள்ளை தினமும் அதைத்தான் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறான்.

நான் எழுத வந்தது அந்த வரிசைக்கு வெளியே நிற்கிற ஒரு பெண்ணைப் பற்றி.

ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். தம்பி இரண்டாம் வகுப்பு. அம்மா தூய்மைப் பணிக்குப் போகிறவர், ஆறு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும் என்பதால் ஐந்தேகாலுக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். தம்பியை எழுப்பி, தண்ணீர் பிடித்து, குளிப்பாட்டி, தலை வாரி, கையைப் பிடித்துக் கூட்டி வருவதெல்லாம் இந்தப் பெண்தான். தம்பி தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் இவள் அவன் பையையும் தன் பையையும் மாட்டிக்கொண்டு தூணோரம் நிற்பாள். அவன் சாப்பிட்டு முடித்ததும் வாயைத் துடைத்துவிட்டு, அவனை வகுப்பில் உட்கார வைத்துவிட்டுத் தன் வகுப்புக்குப் போவாள். நீ சாப்பிட்டியாம்மா என்று கேட்டால் தலையை ஆட்டுவாள். என்ன சாப்பிட்டே என்று கேட்டால் பதில் வராது. ஒரே ஒரு நாள் சொன்னாள், டீயும் பொறையும்.

போன வருடம் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது இதே பெண் இதே வரிசையில் தம்பியோடு உட்கார்ந்து சாப்பிட்டவள். கோடை விடுமுறை முடிந்து வந்தாள், அவளுக்குத் தட்டு இல்லை. பள்ளி அதேதான், வீடு அதேதான், அம்மாவின் வேலை நேரமும் மாறவில்லை. வகுப்பு ஒன்று கூடிவிட்டது, காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான், அவ்வளவுதான்.

பரிமாறுகிற அக்காக்களைக் குறை சொல்ல மாட்டேன். மிச்சம் இருந்தால் அவர்களே கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்பதற்குத் தினமும் கணக்கு இருக்கிறது, சாப்பாடும் அந்தக் கணக்குக்குத்தான் வருகிறது, அதில் இவள் பெயர் கிடையாது. அப்புறம், மிச்சத்துக்காக நிற்பது ஐந்து வயதில் ஒரு விஷயமே இல்லை, பதினோரு வயதில் அது பெரிய விஷயம். இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள். மூன்றாவது தடவை “வேணாங்க்கா, வயிறு ஃபுல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டிருப்பாள், அடுத்து மதியம் பன்னிரண்டரைக்குச் சத்துணவு. நடுவில் பதினாறரை மணி நேரம். அந்த இடைவெளியில்தான் கணக்கு, அறிவியல் எல்லாம் அவள் தலையில் ஏற வேண்டும். 

காலை உணவுத் திட்டத்தை நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்தது. 2024 ஜூலை 15 அன்று கிராமப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகள். 2025 ஆகஸ்ட் 26 அன்று நம்ம மயிலாப்பூரில் வைத்து நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளையும் சேர்த்துவிட்டார்கள். இப்போது 20 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் காலையில் சாப்பிடுகிறார்கள். எவ்வளவு பெரிய காரியம் இது! ஆனால் இந்த நான்கு தடவையும் கூடியது பள்ளிகளின் எண்ணிக்கைதான். வகுப்பு ஐந்தோடு நின்றது நின்றபடியே இருக்கிறது.

மதியச் சாப்பாட்டில் அரசாங்கம் வைத்திருக்கிற அளவைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்பிலிருந்து 150 கிராம். மத்திய அரசின் விதியும் அப்படித்தான்: தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம், அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம். வளர்கிற வயசு, ஒன்றரை மடங்கு வேண்டும் என்று மதியத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதே பிள்ளைக்கு, அதே வயசில், காலையில் மட்டும் ஒன்றுமே வேண்டாம் என்று எப்படி ஆனது? எனக்கு இது எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை.

அதிலும் பெண் பிள்ளைகள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில்தான் பெரும்பாலான பெண்கள் வயசுக்கு வருகிறார்கள். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15லிருந்து 19 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை. பதினைந்து வயசில் அது திடீரென்று வந்துவிடாது. உடம்புக்கு இரும்புச்சத்து அதிகம் தேவைப்படுகிற அந்த மூன்று நான்கு வருடத்தில் டீயும் பொறையும் தின்று வளர்ந்தால் வரும். பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், நல்ல விஷயம். வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு குமட்டுகிறது என்று சொல்கிற பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

நம்ம ஊருக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. 1920 செப்டம்பரில் சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில்தான் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள், ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வராததற்குப் பசி ஒரு காரணம் என்று இந்த ஊர் நூறு வருடத்துக்கு முன்பே புரிந்துகொண்டது. 1925ல் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் நிறுத்தியது, நம்ம மாநகராட்சி விடாமல் பிறகு திரும்பவும் கொண்டுவந்தது. அப்புறம் காமராஜர் காலத்தில் அது மாநிலம் முழுக்கப் போனது.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதுவும் முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு, அதுவும் கிராமங்களில் மட்டும்தான் இருந்தது. செப்டம்பரில் நகரங்களுக்கு வந்தது. 1984ல் 10லிருந்து 15 வயது வரைக்கும் நீட்டிவிட்டார்கள். இரண்டே வருடம்! இன்றைக்குப் பத்தாம் வகுப்புப் பையன் மதியம் முட்டையோடு சாப்பிடுகிறான் என்றால் அன்றைக்கு எடுத்த அந்த முடிவுதான். காலை உணவு தொடங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் ஐந்தாம் வகுப்பிலேயே நிற்கிறது.

பெத்தவங்கதானே பிள்ளைக்குச் சோறு போடணும், எல்லாத்தையும் அரசாங்கமே செய்யணுமா என்று கேட்பவர்கள் உண்டு, என் சொந்தக்காரர்களிலேயே உண்டு. அவர்களிடம் நான் கேட்பது, உங்கள் தெரு காலை ஏழு மணிக்குச் சுத்தமாக இருக்கிறதே, அதைக் கூட்டியது யார்? உங்கள் வீட்டில் ஆறரை மணிக்குப் பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா தன் வீட்டு அடுப்பை எத்தனை மணிக்குப் பற்ற வைத்திருப்பார்? கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஏழைக் குடும்பங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்திருக்கிறோமே, அங்கிருந்து மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் வேலைக்கு வருகிற அம்மாக்கள் விடியும் முன்னே பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்கள். சோறு போட மனசில்லாமல் யாரும் பிள்ளையைப் பட்டினியாக அனுப்புவதில்லை. அவர்களுடைய காலை நேரத்தை நாம் வாங்கிக்கொண்டுவிட்டோம்.

பணம் எங்கே என்பது நியாயமான கேள்வி. 2023ல் 15.75 லட்சம் பிள்ளைகளுக்கு விரிவாக்கியபோது ஒதுக்கியது 404 கோடி ரூபாய். வருடத்துக்கு 220 பள்ளி நாள் என்று வைத்து நானே வகுத்துப் பார்த்தேன், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 12 ரூபாய்கூட வரவில்லை. எங்கள் முனை டீக்கடையில் ஒரு டீ 15 ரூபாய். பெரிய பிள்ளைகளுக்கு அளவு கூடும், விலைவாசியும் ஏறியிருக்கிறது, சரி, 20 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்த மொத்தச் செலவும் மாநிலத்தின் தலையில்தான். மதிய உணவுக்கு எட்டாம் வகுப்பு வரை மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு இருக்கிறது. காலை உணவுக்கு அப்படி எதுவும் கிடையாது. 2020ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையில் பிள்ளைகளுக்குக் காலை உணவு வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள், ஆனால் அதற்குக் காசு வரவில்லை. எழுதியவர்கள் பங்கைத் தரட்டும் என்று நம்ம எம்.பி.க்கள் கேட்க வேண்டும். தருகிற வரைக்கும் பிள்ளைகள் காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரேயடியாகப் பத்தாம் வகுப்பு வரை முடியாது என்றால் நடுநிலைப் பள்ளியில் தொடங்குங்கள். எங்கள் பள்ளி மாதிரி ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரே வளாகத்தில் இருக்கிற இடங்களுக்கு வண்டி ஏற்கெனவே வருகிறது, ஆள் இருக்கிறார்கள், தட்டு இருக்கிறது. கூட மூன்று வகுப்புக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். பரிமாறுகிறவர்களுக்கும் சமைக்கிறவர்களுக்கும் வேலை கூடும், அதற்கேற்ற சம்பளத்தையும் சேர்த்தே போட வேண்டும், பெண்கள் செய்கிற வேலை என்பதற்காக அதை இலவசமாக ஏற்றிவிடக் கூடாது.

இந்த மாதம் எங்கள் குழுக் கூட்டத்தில் ஆறு முதல் எட்டு வரை காலை உணவு கேட்டுத் தீர்மானம் எழுதினோம். நான் எழுதிக்கொண்டு போனதை மற்ற பெற்றோர்கள் திருத்திக் கொடுத்தார்கள், எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நீங்களும் உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியில் குழுவில் இருந்தால் அடுத்த கூட்டத்தில் இதை எழுத வையுங்கள். வார்த்தை வேண்டுமானால் கமெண்ட்டில் கேளுங்கள், எங்கள் தீர்மானத்தை அப்படியே அனுப்புகிறேன்.

நாளைக்குப் புதன்கிழமை, எட்டு மணிக்குப் போகிறேன். இந்த வாரத்திலிருந்து வீட்டில் ஊற்றுகிற இட்லியில் நான்கை டப்பாவில் எடுத்துக்கொண்டு போகிறேன், அவளுக்கு என்று சொன்னால் வாங்க மாட்டாள் என்பதால் என் மகனுக்கு அதிகமாகிவிட்டது என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். இப்படி நான் ஒருத்தி நான்கு இட்லி கொண்டுபோகலாம், ஆனால் அவள் வகுப்பில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள்.