பொழுது சாய்வதற்குள் கூலி

எங்கள் தெருவில் துணி தேய்த்துக் கொடுக்கும் அண்ணன் ஒருநாள் மத்தியானம் 14 துணிகளை மடித்துக் கொண்டுவந்து தந்தார். மேலே வெள்ளை வேட்டி, அழுக்குப் படாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு பழைய செய்தித்தாள். வாங்கும்போது இன்னும் சூடு ஆறவில்லை. "சில்லறை இல்லண்ணே, நாளைக்கு வாங்கிக்கங்க" என்றேன். "பரவாயில்ல சார், மெதுவா குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 'நாளைக்கு' வர நாலு நாள் ஆனது.

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது 'கெதோஷிம்'. யூதர்களின் வேதமான தோராவில், லேவியராகமம் என்ற புத்தகத்தில் வரும் பகுதி அது. யூதர்கள் தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து, வாராவாரம் ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் வாசித்து, ஒரு வருடத்தில் முடிப்பார்கள். முடித்த அன்றே மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடுவார்கள். நான் யூதன் இல்லை. சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் லேவியராகமம் என்றாலே பலி, ரத்தம், தூபம் என்று பயந்து தாண்டிப் போனவன். இப்போது சில வருடங்களாக அவர்களுடைய வரிசையிலேயே வாசித்து வருகிறேன்.

கெதோஷிம் என்றால் பரிசுத்தமானவர்கள். பரிசுத்தமாக இருங்கள் என்றுதான் அந்தப் பகுதி தொடங்குகிறது. சரி, அடுத்து ஜெபமும் நோன்பும் வரும் என்று பார்த்தால், வயலின் ஓரத்தை ஏழைக்கு அறுக்காமல் விடு, எடைக்கல்லில் ஏமாற்றாதே, குருடன் முன்னால் தடை வைக்காதே என்று போகிறது. அதற்கு நடுவில்தான் இது: கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது. தோராவின் இன்னொரு புத்தகமான உபாகமத்தில் இது மறுபடி வருகிறது. அங்கே, பொழுது சாய்வதற்குள் கொடு, அவன் ஏழை, அவன் உயிரே அதில்தான் இருக்கிறது என்று காரணமும் சொல்லப்படுகிறது. உன் இனத்தானோ அந்நியனோ, யாராக இருந்தாலும் இதேதான். வியர்வை காய்வதற்குமுன் கூலியைக் கொடு என்ற நபிமொழி நம்மில் பலருக்குத் தெரியும். இரண்டிலும் ஒரே தவிப்பு.

யூத அறிஞர்கள் இதை நல்ல புத்திமதி என்று விட்டுவிடவில்லை. மணிக்கணக்குப் போட்டார்கள். பகலில் வேலை செய்தவனுக்கு அன்றிரவு முடிவதற்குள். இரவில் வேலை செய்தவனுக்கு மறுநாள் பகல் முடிவதற்குள். வாடகைக்கு எடுத்த மாட்டுக்கும் கருவிக்கும்கூட இந்தக் கெடு உண்டு என்கிறது யூதச் சட்டங்களின் பழைய தொகுப்பான மிஷ்னா. அந்த மிஷ்னாவை அலசி விவாதிக்கும் தல்மூத் இன்னும் உள்ளே போகிறது. மேலாடையைக் கைவினைஞனிடம் வேலைக்குக் கொடுத்தாய். அவன் முடித்துவிட்டான், ஆனால் துணி அவனிடமே இருக்கிறது. அதுவரை உன்மேல் குற்றமில்லை. மத்தியானம் உன் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டானா? பொழுது சாய்ந்ததும் நீ சட்டத்தை மீறியவன்.

மத்தியானம், துணி, என் கை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அதே பக்கங்களில் ஒரு கேள்வியும் கேட்கிறார்கள். இந்தக் கூலிக்காரன் ஏன் ஏணியில் ஏறினான், மரத்தில் தொங்கினான், சாவுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தான்? இந்தக் கூலிக்காகத்தானே? ஆகவே கூலியைப் பிடித்து வைப்பவன் அவன் உயிரையே எடுப்பவன் போல.

இஸ்ரேலில் 1958-ல் வந்த ஊதியப் பாதுகாப்புச் சட்டத்தில் தாமதமான சம்பளத்துக்கு 'சகார் முலான்' என்று பெயர். இரவு தங்க வைக்கப்பட்ட கூலி என்று பொருள். லேவியராகமத்தின் அதே சொல்வேர். கெடு தாண்டினால் வாரக்கணக்கில் ஏறும் இழப்பீடும் அந்தச் சட்டத்தில் உண்டு. இரக்கத்தை மனசோடு விட்டுவிடாமல் அதற்குத் தேதி குறித்த இந்தப் புத்தியை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் ஒரு இடம் உறுத்துகிறது. கூலிக்காரன் கேட்டால்தான் குற்றம், கேட்காவிட்டால் இல்லை என்கிறது மிஷ்னா. வாய்திறந்து கேட்க எத்தனை பேரால் முடியும்? "மெதுவா குடுங்க" என்று சொன்னவர் கேட்காதவர்தானே? இன்னொன்று, ஆளை அமர்த்த நடுவில் ஒருவரை அனுப்பி, "கூலி முதலாளி தருவார்" என்று அவர் சொல்லிவிட்டால் இருவர்மேலும் இந்தக் குற்றம் வராது. அமர்த்தியவரிடம் பணமில்லை, பணமிருப்பவர் அமர்த்தவில்லை. இன்றைய ஒப்பந்த வேலை முழுக்க இந்தச் சந்துக்குள்தான் ஓடுகிறது என்று எனக்குப் படுகிறது.

இதற்குப் பதில் தல்மூத்திலேயே இருக்கிறது என்பேன். ஓர் அறிஞரின் திராட்சரசப் பீப்பாயைச் சுமைகூலிகள் உடைத்துவிட்டார்கள். அவர் அவர்களுடைய மேலாடைகளைப் பிடுங்கிக்கொண்டார். அவர்கள் போய் பாபிலோனின் பெரிய ஆசிரியர் ராவிடம் சொன்னார்கள். ஆடையைக் கொடுத்துவிடு என்றார் ராவ். "இதுதான் சட்டமா?" "ஆமாம்." அப்புறம் அவர்கள், நாங்கள் ஏழைகள், நாள் முழுக்க உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை என்றார்கள். கூலியையும் கொடு என்றார் ராவ். "இதுவும் சட்டமா?" அதற்கும் ஆமாம்தான். நல்லவர்களின் வழியில் நட என்ற நீதிமொழியை ஆதாரமாகக் காட்டினார். ஏட்டுச் சட்டப்படி பார்த்தால் அந்த அறிஞர் பக்கமும் நியாயம் உண்டு. ராவ் அதோடு நிற்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக் கதவோரம் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. துணியைத் தேய்க்கப் போடும்போதே எண்ணி, பணத்தை அதில் போட்டு வைத்துவிடுகிறேன். முதல் நாள் நான் உடனே நீட்டியதும், அண்ணன் பணத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போறீங்களா சார்?" என்று கேட்டார்.