நெய்வேலித் தண்ணீருக்கு யார் கணக்கு வைப்பது?

நெய்வேலிக்கு அருகே, கம்மாபுரம் பக்கம் ஒரு வயல் வரப்பில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நிற்கிறது. துருவேறி, வாயில் சிலந்தி வலை. வயல்காரப் பெரியவர் அதைத் தட்டிக் காட்டினார். "இதுக்கு மோட்டாரே கிடையாது தம்பி. இறக்குன அன்னைக்கே தண்ணி தானா பொங்கிச்சு." இப்போது நான்கடி தள்ளி நீர்மூழ்கி மோட்டார் போட்டிருக்கிறார். கரண்ட் வந்தால்தான் தண்ணீர்.

நெய்வேலியில் நிலக்கரி கிடைத்ததே தண்ணீரால்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. 1956இல் என்.எல்.சி. என்ற அரசு நிலக்கரி நிறுவனம் வந்தது, 1957இல் சுரங்க வேலை தொடங்கியது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. மேல் மண்ணை அள்ளிவிட்டால் அதை அமுக்கிப் பிடிக்க எதுவும் இல்லை, சுரங்கத் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இராப்பகலாக இறைக்கிறார்கள். இறைப்பு நின்றால் சுரங்கமும் நின்றுவிடும்.

அந்தத் தண்ணீர் அனல்மின் நிலையத்துக்குப் போகிறது, வாலாஜா ஏரிக்குப் போகிறது, சென்னைக்குக் குடிநீராகவும் போயிருக்கிறது. சரி, நல்லதுதான். ஆனால் பூமிக்குள் இருந்தபோது அது ஊர் ஊருக்கும் இருந்தது. இப்போது வாய்க்கால் போகும் ஊருக்கு மட்டும்தான்.

2023 ஜூலையில் நெய்வேலி அருகே வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். அறுவடை வரை இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது. ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று முடிந்தது. பயிருக்காவது ஒரு தொகை சொன்னார்கள். கீழே இறங்கிப்போன நீர்மட்டத்துக்கு ஏக்கருக்கு எவ்வளவு?

மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பதிவை எழுதும் போனுக்கே அங்கிருந்துகூட கரண்ட் வந்திருக்கலாம். ஆனால் அடுத்த விரிவாக்கத்துக்கு ஒரு ஏக்கர் எடுப்பதற்கு முன்னால், சுற்றுவட்டார ஊர்களின் நீர்மட்டத்தை மாதாமாதம் அளந்து, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் தமிழில் எழுதிப் போடுங்கள். போன மாதம் இத்தனை அடி, இந்த மாதம் இத்தனை அடி என்று. அது இறங்கினால் நிலம் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, கொடுக்காத பக்கத்து வயல்காரருக்கும் இழப்பீடு கொடுங்கள்.

இன்றைக்கு அந்தப் பெரியவருக்குத் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று சொல்கிற ஒரே ஆள், போர் போட வரும் வண்டிக்காரர்தான்.