சாட்டுச் சொல்கிறானாம்!

“வலக்கையாலை விளையாடுறவனுக்கு இடக்கை மணிக்கட்டு நொந்தா என்ன? அதெல்லாம் சும்மா சாட்டு” என்று, வாய்க்குள் வடையை வைத்துக்கொண்டே ஒருவர் தீர்ப்புச் சொன்னபோது, கையிலிருந்த பிளேன்ரீயை அவர் மடியில் ஊற்றாமல் நான் எழுந்து வந்ததே என்னைப் பெற்றவர்கள் வளர்த்த வளர்ப்பின் சிறப்பு. இடம், கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்துத் தேநீர்க் கடை. என் கைத்தொலைபேசியில் ஓடிக்கொண்டிருந்தது, ஆர்ஜென்டீனாவின் டென்னிஸ் வீரர் ஜுவான் மார்ட்டின் டெல் பொட்ரோ தன் கடைசிப் போட்டி முடிந்ததும் தலைப்பட்டியைக் கழற்றி வலையில் தொங்கவிடும் காட்சி. யார் இவன், ஏன் அழுகிறான் என்று கேட்டார்கள். வலக்கையால் விளையாடுகிற இவரை இடது மணிக்கட்டு நோ எப்படி அலைக்கழித்தது என்று சொன்னேன். அதற்குக் கிடைத்த மறுமொழிதான் அது.

2009 செப்டெம்பரில் அமெரிக்க பகிரங்க டென்னிஸ் அரையிறுதியில் நடாலை மூன்று செட்டுகளிலும் 6-2 என்று அடித்து அனுப்பிவிட்டு, அங்கே தொடர்ந்து ஐந்து தடவைகள் கிண்ணம் வென்றிருந்த பெடரரை இறுதியாட்டத்தில் ஐந்து செட்டுகளில் வீழ்த்தியபோது டெல் பொட்ரோவுக்கு வயது 20. அந்தச் செப்டெம்பரில் நாங்கள் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குள் இருந்தோம்; நியூயோர்க்கில் யார் வென்றார், யார் தோற்றார் என்பது எங்களுக்குத் தேவைப்படாத செய்தி. அந்த ஆட்டத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் பார்த்தேன். ஆனால் நான் பார்த்து வியந்தது அந்த வெற்றியை அல்ல, அதற்குப் பிறகு அந்த மனிதர் பட்ட பாட்டை. 2010 மே மாதத்தில் வலது மணிக்கட்டில் சத்திரசிகிச்சை. இடது மணிக்கட்டில் 2014 மார்ச்சில் ஒன்று, 2015 ஜனவரியில் ஒன்று, அதே ஆண்டு ஜூனில் இன்னொன்று.

இனி, இடக்கைக்கு என்ன என்று கேட்ட அந்த அண்ணைக்கு வருகிறேன். இரண்டு கைகளாலும் பின்கை (இடப்பக்கம் வருகிற பந்தை அடிக்கிற அடி, பேக்ஹேண்ட்) அடிக்கிற வலக்கை ஆட்டக்காரருக்கு, அந்த அடியில் பெரும்பாலான வேலையைச் செய்வது இடக்கைதான். மணிக்கட்டைக் கீழே தாழ்த்தி, மட்டையின் தலையை விழவிட்டு, பந்தைத் தொடுகிற கணத்தில் அதை மேல்நோக்கிச் சுழற்றி இழுக்கும்போது, சின்னவிரல் பக்கமாக ஓடுகிற தசைநாண் முறுகி விரிகிறது. நூறு கிலோமீற்றர் வேகத்தில் வருகிற பந்துக்கு எதிராக இதை ஒரு நாளில் எத்தனை நூறு தடவைகள் செய்ய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்து வரம்பு கட்டியவருக்கு இது விளங்காமல் போகக் கூடாது. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டு, ஒரேயொரு பாத்தி கொத்திக் காட்டட்டும். அதன் பிறகு சாட்டைப் பற்றிப் பேசலாம்.

மூன்று தடவைகள் வெட்டித் தைத்த கையோடு 2016 பெப்ரவரியில் அவர் திரும்பி வந்தபோது, தரவரிசையில் ஆயிரத்துக்கும் கீழே கிடந்தார். இடக்கையால் தள்ளி அடிக்க முடியவில்லை. ஆகவே வலக்கை ஒன்றால் பந்தின் அடிப்பக்கத்தைச் சீவி அனுப்புகிற அடியைக் கொண்டே பின்கைப் பக்கத்தைச் சமாளித்தார். எதிராளிகள் எல்லோருக்கும் அது தெரியும்; எல்லோரும் அந்தப் பக்கத்துக்கே அடித்தார்கள். அந்த நிலையில்தான், 141 ஆம் இடத்தில் இருந்துகொண்டு, ரியோ ஒலிம்பிக்கின் முதற் சுற்றில் அப்போதைய முதல்நிலை வீரர் ஜோகோவிச்சை இரண்டு செட்டுகளிலும் சமநிலை முறிப்பில் (டைபிரேக்) வென்றார். (அன்று காலை லிஃப்டில் நாற்பது நிமிடங்கள் அகப்பட்டுக் கிடந்துவிட்டு வந்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லித் தோற்றிருந்தால் அதுவும் சாட்டாகியிருக்கும்.) அரையிறுதியில் நடாலை வென்று வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார். அதே ஆண்டு, நாடுகள் அணிகளாக மோதுகிற டேவிஸ் கிண்ண அரையிறுதியில், கிளாஸ்கோவில், ஐந்து மணித்தியாலங்களுக்கு மேல் நின்று பிரித்தானியாவின் மரேயை வென்றார். ஸாக்ரெப்பில் நடந்த இறுதியில், இரண்டு செட்டுகள் பின்தங்கிய நிலையிலிருந்து, இடக்கைச் சின்னவிரல் முறிந்திருக்க, குரோஷியாவின் சிலிச்சை வென்றார். அதற்கு முன் நான்கு இறுதியாட்டங்களில் தோற்றிருந்த ஆர்ஜென்டீனா, அன்றுதான் முதன்முறையாக அந்தக் கிண்ணத்தைத் தொட்டது. சாட்டுச் சொல்கிறவன் செய்கிற வேலையா இது?

எனக்கு வந்த ஆத்திரம் டெல் பொட்ரோவுக்காக மட்டும் வந்தது அல்ல. அவருக்கு என் ஆத்திரம் தேவையுமில்லை. இதே மனிதர், இதே கதிரையில் இருந்துகொண்டு, போன மாதம் என் அண்ணாவின் மகளைப் பற்றி “பெட்டை பயந்திட்டாள்” என்று சொன்னவர். அவள் பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியில் அடிக்கிறவள். வலைக்கு மேலே எழும்பி அடித்துவிட்டுக் கீழே இறங்கும்போது கால் நிலத்தில் நிற்க, முழங்கால் மட்டும் உள்நோக்கித் திரும்பிவிட்டது. விழுந்த இடத்திலேயே ஐஸ் வைத்தார்கள். பிறகு ஊர்வழக்கப்படி புக்கை கட்டினார்கள். நோ எண்ணெய் பூசினார்கள். “இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு அரையிறுதியை மட்டும் விளையாடிவிடு, பிள்ளை” என்று பொறுப்பான ஒருவரே சொன்னார். அவள் விளையாடினாள். சவ்வு கிழிந்திருக்கிறது என்று வைத்தியர் சொன்னது அதற்குப் பிறகுதான்.

இப்போது அவள் பேருந்திலிருந்து இறங்குவதை நீங்கள் பார்க்க வேண்டும். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல காலை மேற்படியில் வைத்துக்கொண்டு, நொந்த காலை முதலில் கீழே இறக்கி, அது தாங்குமா என்று ஒரு கணம் சோதித்துவிட்டு, மற்றக் காலை எடுக்கிறாள். அதற்குள் நடத்துநர் பேருந்தின் பக்கத்தில் இரண்டு தடவைகள் தட்டிவிடுவார். வீட்டுக் கொடியில் பள்ளிச் சீருடைக்குப் பக்கத்தில் அவளுடைய முழங்கால் பட்டி காய்கிறது. ஒவ்வொரு மாலையும் துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, தொடைத் தசையை இறுக்கி, பத்து வரை எண்ணி விடுகிறாள். அது பயந்தவளின் வேலையா?

டென்னிஸ்காரருக்காவது ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆறு மாதங்களோ அதற்கு மேலோ காயத்தால் விளையாட முடியாதவர், விலகிய முதல் மூன்று மாதங்களின் சராசரித் தரவரிசையைக் காட்டிக் குறிப்பிட்ட சில போட்டிகளுக்குள் நுழையலாம். பாதுகாக்கப்பட்ட தரவரிசை என்று அதற்குப் பெயர். ஆனால் நுழையத்தான் விடுவார்கள். அதை வைத்துத் தரப்படுத்தப்பட்ட இடம் (முன்னணி வீரர்களைத் தொடக்கச் சுற்றுகளில் ஒருவரோடொருவர் மோதவிடாமல் பிரித்து வைக்கிற ‘சீட்’) கிடைக்காது. எங்கள் பிள்ளைக்கு அந்த நுழைவும் இல்லை. அவளுடைய இடத்தில் மறுவாரமே வேறொருத்தி நின்றாள்; வயதெல்லை அடுத்த ஆண்டோடு முடிகிறது; அந்தச் சட்டை இலக்கத்தை அவளுக்காக யாரும் எடுத்து வைக்கவில்லை.

“ஒரேயொரு பெரிய கிண்ணம்தானே எடுத்தான்” என்பது அண்ணையின் அடுத்த வாதம். உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறி, 2018 இல் மீண்டும் நியூயோர்க் இறுதியாட்டம் வரை போனவருக்கு, அடுத்த மாதமே ஷங்காயில் வலது முழங்காற் சில்லு வெடித்தது. ஆறி வந்தவர் 2019 ஜூனில் லண்டனில் வழுக்கி விழ, அதே சில்லு மீண்டும் முறிந்தது. அதோடு சரி. திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை செய்தும், 2022 பெப்ரவரியில் புவெனஸ் அயர்சில் ஒரேயொரு ஆட்டம் ஆடித் தோற்று விடைபெறத்தான் முடிந்தது. எதிராளி, ஸாக்ரெப்பில் அவரோடு சேர்ந்து கிண்ணம் தூக்கிய டெல்போனிஸ். 2024 இல் அவரே சொன்னார்: நோவில்லாமல் படியேற முடிவதில்லை, காலையில் எழுந்ததும் ஆறு முதல் எட்டு மாத்திரைகள். யாரிடம் சாட்டுச் சொல்வதற்காக இந்த மாத்திரைகளை விழுங்குகிறார்?

வன்னியில் இருந்துகொண்டு இதைக் கேட்க வேண்டியிருப்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருக்கிறது. அந்தக் கடைக்கே செயற்கைக் கால் போட்டவர்கள் வருகிறார்கள். வாசற்படி உயரமென்று கடைக்காரர் ஓடிப்போய்க் கை கொடுக்கிறார். வடை தின்கிற அண்ணையும் எழுந்து கதிரை விடுகிறார். கண்ணுக்குத் தெரிகிற இழப்பை மதிக்க எங்களுக்குத் தெரியும். தோலுக்குக் கீழே ஒரு சவ்வு கிழிந்தால், ஒரு தசைநாண் தேய்ந்தால், அதை மட்டும் நம்ப மாட்டோம். உடம்புக்குள் இரும்புத் துண்டோடு உழவு ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் மழை இருட்டினால் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று அறிந்தவர்கள்தான் இப்படிப் பேசுகிறோம்.

நான் இப்போது வேறு கடைக்குப் போகிறேன். அங்கே தேநீர் கழுநீர்போல இருக்கிறது. வடையில் உழுந்தைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டு வாரமாக அதையே குடித்துக்கொண்டிருக்கிறேன். பழைய கடைக்கார அண்ணைக்கு இதில் ஒரு குற்றமும் இல்லை என்பதை மட்டும் யாராவது அவரிடம் சொல்லிவிடுங்கள்.