புருவம் உயர்ந்தால் நூறு ரூபாய்

(யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஓர் ஒழுங்கை. ஓய்வுபெற்ற தையல் ரீச்சர் வீட்டுப் படலை. உள்ளே அவருடைய கணவர் மாஸ்ரர். பழைய இரும்பு எடுக்கும் தம்பி சைக்கிளைச் சாத்திவிட்டுச் சாக்கை அவிழ்க்கிறார். மற்ற வீடுகளில் இவர் வாங்குகிறவர். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் விற்கவும் வருகிறவர்.)

ரீச்சர்: மெதுவாகக் கதையும் தம்பி. மாஸ்ரர் உள்ளே பேப்பர் பார்க்கிறார். இன்றைக்கு என்ன கிடக்கு?

தம்பி: முதலில் இதைப் பாருங்கோ. மூக்குப்பேணி. அசல் பித்தளை.

ரீச்சர்: (முகத்தை இறுக்கிக்கொண்டு) ம்... ஒரு பக்கம் நெளிந்திருக்கு.

தம்பி: வாய் நெளிவு என்கிறது, புருவம் வேறு கதை சொல்லுது ரீச்சர். உங்களிடம் வந்தால் நான் தராசே பார்க்கிறதில்லை. புருவம் ஒருக்கால் உயர்ந்தால் நூறு ரூபாய்.

ரீச்சர்: அது கண்ணில் தூசி. ஆனால் இந்த மூக்கைப் பாரும்... உதடு படாமல் அண்ணாந்து குடிக்க எவ்வளவு கணக்காக வளைத்திருக்கிறான்!

தம்பி: இருநூறு.

ரீச்சர்: நான் ஒன்றும் சொல்லவில்லையே! அடுத்ததை எடும்.

தம்பி: கொஞ்சம் செல்லாக் காசு.

ரீச்சர்: ஆறாம் ஜோர்ஜ்! 1944ஆம் ஆண்டுப் பத்துச் சதம், விளிம்பெல்லாம் பூவிதழ். இந்த ஐந்து சதத்தைப் பாரும், சதுரக் காசு, மூலை மட்டும் மழுங்கல். ஐயோ, என்ன வடிவு!

தம்பி: ரீச்சர், புருவம் இப்ப தலைமயிருக்குள்ளே போய்விட்டுது.

(ரீச்சர் முந்தானையால் நெற்றியை மறைக்கிறார். பிந்திவிட்டது.)

தம்பி: இந்தப் பின்னல் நாடாவை விலை குறைத்துத் தாறன். முழுக்க ஓட்டை.

ரீச்சர்: உது ரேந்தை தம்பி! ஓட்டைதான் அதின் வடிவு. காலிப் பக்கம் பீரலு என்று சொல்லுவினம். தலையணை மாதிரி ஒன்றில் ஊசிகளைக் குத்தி, சின்ன மரக்கட்டைகளில் நூல் சுற்றி, கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிறது. ஒரு முழம் முடியக் கை விட்டுப்போகும்.

தம்பி: அப்ப ஓட்டைக்கும் காசு. சரி, இதை எந்தச் சட்டையில் வைத்துத் தைக்கப் போறியள்?

ரீச்சர்: தைக்கிறதோ? தைக்கிறதென்றால் வெட்ட வேணும். வெட்டினால் போச்சே!

தம்பி: பிறகு என்னத்துக்கு?

ரீச்சர்: பின்னேரத்தில் எடுத்து, விரித்துப் பார்த்து, மடித்து வைக்கிறது.

தம்பி: அவ்வளவுதானோ?

ரீச்சர்: நகை வைத்திருக்கிறவையைக் கேட்டுப் பாரும். அவை அதுகூடச் செய்யிறதில்லை. பாங்கில் பூட்டிப்போட்டு ரசீதுத் துண்டைத்தான் வைத்திருக்கினம்.

தம்பி: அதுவும் சரிதான். கடைசியாக ஒரு பிஸ்கற் பேணி. மூடியில் ரோசாப்பூ, உள்ளே சட்டைக்குத் தைக்கிற தெறி.

(ரீச்சர் ஒரு தெறியைக் கன்னத்தில் வைக்கிறார். பிறகு பல்லில் உரசுகிறார்.)

தம்பி: ஐயோ, கடிக்காதையுங்கோ ரீச்சர்!

ரீச்சர்: சோதிக்கிறன். பிளாஸ்ரிக் கன்னத்தில் வைத்தால் குளிராது. சிப்பி சில்லென்று நிற்கும், பல்லில் பட்டால் நறநறக்கும்.

தம்பி: சிப்பியே! மன்னார்ச் சிப்பி, அதுதான் விலை கொஞ்சம்...

ரீச்சர்: கதை விடாதையும். மன்னார்ச் சிப்பி சின்னன், மெல்லிசு. அதில் முத்து எடுக்கலாம், உப்படித் தெறி வெட்டேலாது. அவுஸ்திரேலியாவில் புறூம் பக்கம் எடுத்த பெரிய சிப்பியில்தான் கூடுதலாக வெட்டினவை. பிளாஸ்ரிக் தெறி வந்து அந்தத் தொழிலைப் படுக்கப் போட்டுது.

(இவ்வளவு தெரிந்த மனிசிக்கு விலை பேச மட்டும் தெரியாது.)

ரீச்சர்: மூடிக்குள்ளே பாரும், பிளாஸ்ரர் ஒட்டி 'கவனம், ஊசி உண்டு' என்று எழுதியிருக்கு. என்ன கையெழுத்து! கரும்பலகையில் பழகின கை.

(தம்பிக்குத் திடீரென்று இருமல் வருகிறது.)

ரீச்சர்: இதே பேணி ஒன்று என்னிடம் அலுமாரி மேல் தட்டில் கிடக்கு. இப்ப சோடி சேர்ந்துவிட்டுது. சொல்லும், எந்த வீட்டில் எடுத்தனீர்?

தம்பி: அது தொழில் ரகசியம் ரீச்சர்.

ரீச்சர்: அந்த மனிசி மோசம் போய்விட்டாவோ? பாவம், பொத்திப் பொத்திச் சேர்த்திருப்பா. வீட்டு ஆக்கள் பெறுமதி தெரியாமல் அள்ளிப் போட்டிருக்கினம். இன்னும் எவ்வளவு கிடக்குதோ! விலாசம் சொன்னால் ஐந்நூறு கூடத் தாறன்.

தம்பி: ஐந்நூறோ... வேண்டாம் ரீச்சர்.

ரீச்சர்: ஆயிரம்!

தம்பி: காசைத் தாங்கோ. (எண்ணி, பொக்கற்றுக்குள் வைத்து, சைக்கிளை உருட்டத் தோதாகப் பிடித்துக்கொண்டு) இந்த வீடுதான்.

ரீச்சர்: எந்த வீடு?

தம்பி: நீங்கள் நிற்கிற வீடு. போன வெள்ளிக்கிழமை நீங்கள் நல்லூருக்குப் போன நேரம் மாஸ்ரர் கூப்பிட்டுத் தந்தவர். கிலோக் கணக்கில்.

(ரீச்சர் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறார். உள்ளே பேப்பர் புரளும் சத்தம் நிற்கிறது.)

ரீச்சர்: எத்தனை கிலோ?

தம்பி: மூன்று.

ரீச்சர்: மூன்றோ? இந்தப் பேணி அரைக் கிலோவும் வராதே! மிச்சம் எங்கே?

தம்பி: மூக்குப்பேணி, காசு, ரேந்தை... இவ்வளவு நேரமும் விலை பேசினது அதைத்தான்.

ரீச்சர்: (பேர்சைத் திறந்தபடி) எல்லாத்தையும் இறக்கும். மாஸ்ரருக்கு மூச்சு விடாதையும்.

தம்பி: அவரும் அதைத்தான் சொன்னவர் ரீச்சர்.