‘பங்க்கம்’ நம்ம ‘பங்கம்’ இல்லீங்க!

ஒலி கொஞ்சம் ஒத்துப்போனா போதும், ‘இதுவும் தமிழ்தான்’னு ஒரு ஃபார்வர்டு கிளம்பிடுது. வெத்துப்பேச்சைக் குறிக்கிற ‘பங்க்கம்’ (bunkum)ங்கிற ஆங்கிலச் சொல்லையும் விட்டுவைக்கல. நம்ம ‘பங்கம்’தான் கப்பலேறிப் போச்சாம்! ஏங்க, அந்தச் சொல்லுக்கு ஊர் இருக்கு, ஆள் இருக்கு, வருஷம்கூட இருக்கு.

1820, வாஷிங்டன். மிசூரியை அடிமைமுறையோட மாநிலமா சேர்க்கலாமா வேண்டாமான்னு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில வாரக்கணக்கா விவாதம். ஓட்டெடுப்புக்குப் போகலாம்னு எல்லாரும் தவிக்கிறப்போ, வட கரோலினா உறுப்பினர் ஃபீலிக்ஸ் வாக்கர் எழுந்து நிக்கிறார். சபையே கத்துது, மனுஷன் உட்காரல. பங்க்கம் மாவட்டத்துக்காக ரெண்டு வார்த்தை பேசியே ஆகணுமாம், தொகுதிக்காரங்க எதிர்பார்ப்பாங்களாம்! சபையில யார் கேட்டா என்ன, கேக்காட்டி என்ன. 1828லயே ‘பங்க்கத்துக்குப் பேசறது’ வாஷிங்டன்ல பழைய வழக்குன்னு அச்சுல வந்தாச்சு. மாவட்டப் பேரோட ஸ்பெல்லிங் வேற, இந்தச் சொல்லோட ஸ்பெல்லிங் வேற. காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். சுருக்கினா ‘பங்க்’. 1916ல ஹென்றி ஃபோர்டு வரலாற்றையே அந்தச் சொல்லால திட்டினார். 1923ல அதுலேருந்து ‘டீபங்க்’, அதாவது கப்சாவைப் போட்டு உடைக்கிறது. பெட்ரோல் பங்க்கையும், கிளாஸை பங்க் அடிக்கிறதையும் தயவுசெஞ்சு இதுக்குள்ள இழுக்காதீங்க.

பொருளாவது சரியா சொல்றாங்களா? ‘உளறல்’னு ஒரே வார்த்தையில முடிச்சுடறாங்க. காய்ச்சல்ல பேசறது உளறல். பங்க்கம், விஷயத்துக்கு உதவாதுன்னு தெரிஞ்சே கைதட்டலுக்காக விடற சவடால்.

சரிபார்க்கறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல. அச்சுல முதல்ல எந்த வருஷம், எந்த வாக்கியத்துல வந்துச்சுன்னு பாருங்க. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி ஒவ்வொரு பொருளுக்கும் வருஷத்தோட மேற்கோள் போடுது. முதலெழுத்துகளைக் கோத்துப் பிறந்த சொல்னு யாராவது அளந்தா, சொல் 1900க்கு முந்தினதான்னு பாருங்க; ஆமான்னா பெரும்பாலும் கப்சா. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் ஆங்கிலத்துக்குப் போனது நிஜம். அங்க பொருளும் அப்படியே ஒட்டுது, இங்க வந்து வியாபாரம் பண்ணினவன் கேட்டு எழுதிக்கிட்ட தடமும் இருக்கு. ‘பங்கம்’னா குறை, அவமானம், அதுல பேச்சே கிடையாது. சரி, தமிழ்தான்னே வெச்சுப்போம். 1820ல வட கரோலினா மலைக்காட்டு மாவட்டத்துக்கு அது எந்த வழியா போய்ச் சேர்ந்துச்சுன்னு சொல்லுங்க பார்ப்போம்.