முதல் நாளே மதிப்பெண்ணா?

புதிய பாடல் தொகுப்பு ஒன்று வெளியான அன்றே அதை விமர்சித்து மதிப்பெண் இட்டு, 'பழைய மெருகு இல்லை' என்று கட்டுரையாளர் முடித்துவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கையாக இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பை நான் முதலில் கேட்டது, சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடையொன்றில் வாங்கிய ஒலிநாடாவில். திரைப்பாடலுக்கே பழகியிருந்த காதுக்கு அது அன்று எட்டவில்லை. காசு வீண் என்றுகூட நினைத்தேன். நாடா சிக்கும்போதெல்லாம் பென்சிலை நுழைத்துச் சுற்றி, வேறு வழியின்றித் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான், பாக்கின் இசையோடு சுரங்களை அசைத்து இசைக்கும் நம் கமகங்கள் கைகோத்து நடப்பது பிடிபட்டது. இன்று விரல் நுனியில் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறோம், சிங்கப்பூர்த் தமிழ் வானொலியான ஒலி 96.8-லும் தொகுப்பிலிருந்து ஓரிரு பாடல்களையே கேட்கிறோம். இசையமைப்பாளர் அடுக்கிய வரிசையில் முழுவதையும் கேட்பவர் எத்தனை பேர்? மூன்று மாதம் கழித்து, அந்தப் புதிய தொகுப்பைப் பற்றி அதே கட்டுரையாளர் மீண்டும் எழுதினால் விரும்பி வாசிப்பேன்.