டென்மார்க் ஆய்வில் கிருமியே இல்லை

"மலேரியா வந்தால் புற்றுநோய் ஓடிவிடும், டென்மார்க்கில் நிரூபித்துவிட்டார்கள்" என்று மேலே ஒருவர் போட்டிருக்கிறார். அரைகுறையாகக் கேட்ட செய்தி.

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் அலி சலாந்தி குழு, கனடா ஆய்வாளர்களோடு சேர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு அது. அதில் உயிருள்ள கிருமியைச் செலுத்தவே இல்லை. கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால், கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்ட வைப்பது வார்2சிஎஸ்ஏ என்ற கிருமியின் புரதம். அது பிடித்துக்கொள்வது அங்குள்ள காண்ட்ராய்டின் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியை. அதே வகைச் சங்கிலி பலவிதப் புற்றுச் செல்களின் மேலும் இருக்கிறது. அதனால் அந்தப் புரதத்தின் ஒரு பகுதியை மட்டும் தனியே தயாரித்து, நச்சு மருந்தைக் கோத்து, எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ஆமாம், எலிகளுக்கு. புரதம் வெறும் தபால்காரர். கட்டியின் வளர்ச்சியைத் தடுத்தது கூடப்போன மருந்து.

சரி, மலேரியாவையே மனிதர்களுக்கு ஏற்றிய காலமும் உண்டு. மூளையைத் தாக்கிய சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு அப்படிச் செய்துதான் ஆஸ்திரிய மருத்துவர் வாக்னர்-யௌரெக் 1927-இல் நோபல் வாங்கினார். அங்கேயும் வேலை செய்ததாகக் கருதப்பட்டது காய்ச்சலின் சூடு. நோயாளிகளில் சிலர் அந்த மலேரியாவாலேயே செத்தார்கள். பென்சிலின் வந்ததும் கைவிட்டுவிட்டார்கள்.